கொறங்காடு சும்மா கிடக்கிற பூமி இல்லை

திருப்பூர் மாவட்டத்தில் எங்கள் மூலனூர்ப் பக்கம் சோலார் போட நிலம் கேட்டு வருகிற தரகர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். "வெள்ளாமையும் வெக்கறதில்ல, போர்லயும் தண்ணியில்ல, சும்மா கெடக்கற பூமிதானுங்க்கா. குடுத்துட்டா பணம் பேங்க்லயாச்சும் கெடக்கும்." தைப்பொங்கல் கழிந்து வந்தவரும் இதையேதான் சொன்னார். மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றைக்குப் பட்டியில் வேலை இருந்தது, நின்று பேச முடியவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

கொங்குநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொறங்காடு என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்கமும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். இந்த மூன்றும் சேர்ந்த மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் என்று எங்கள் பக்கமும், கரூர் மாவட்டத்தில் அரவக்குறிச்சி, க.பரமத்தி பக்கமும், தெற்கே ஒட்டன்சத்திரம் பக்கமும் பார்க்கலாம். ஊர்ப் புறம்போக்கு கிடையாது, வனத்துறைக் காடும் கிடையாது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குடும்பத்தின் பட்டா நிலம். எங்களுடையது 18 ஏக்கர், நான்கு துண்டாகப் பிரித்து வேலி போட்டது. பங்குனி, சித்திரையில் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்தால் காய்ந்த முள்ளுக்காடு என்றுதான் நினைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த மாதங்களில் இங்கே பச்சையாகத் தெரிவது மரத்தின் தலை மட்டும்தான்.

இந்த மண்ணில் வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மேலே ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புப் பாறை. வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது காற்றுதான். ஆனியிலும் ஆடியிலும் அது அடிக்கிற அடியில் மேல்மண்ணே பறக்கும். காற்றாலைக்காரர்கள் இந்தப் பக்கம் தேடி வந்ததும் அதனால்தான். இப்படிப்பட்ட இடத்தில் வருஷா வருஷம் உழுது சோளமோ கம்போ விதைத்தால், மழை தவறின வருஷத்தில் விதைக்காசும் போகும், உழுத மண் காற்றோடும் போகும். இதையெல்லாம் பார்த்துத்தான் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் உழுவதைக் குறைத்துக்கொண்டு புல்லை நிறுத்தினார்கள். ஏர் ஓட்டத் தெம்பில்லாமல் விட்டுவிட்ட நிலம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நிறுத்தினார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கொழுக்கட்டைப் புல் எங்கள் காட்டில் தானாக நிறைந்து நிற்பதில்லை. என் அத்தை, அதாவது மாமியார், எனக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் கூட்டிக்கொண்டு போய்ப் புல்விதை உருவக் கற்றுக்கொடுத்தார். கதிர் பழுத்து வெளுத்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் கீழிருந்து மேலே ஒரு இழுப்பு. பஞ்சு மாதிரி விதை கையோடு வந்துவிடும். சேலையெல்லாம் ஒட்டிக்கொள்ளும், உள்ளங்கை அரிக்கும். ஒரு காலை முழுக்க உருவினாலும் சாக்கின் அடிதான் நிறையும், எடை ஒன்றுமே இருக்காது. அதை உடனே விதைத்துப் பிரயோசனமில்லை, புது விதை உறங்கிக்கொண்டிருக்கும். சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டு அடுத்த வருஷம் எடுத்தால்தான் நன்றாக முளைக்கும். விதைக்கும்போதும் அப்படியே வீசினால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். ஈரமண்ணும் சாணமும் சேர்த்துப் பிசிறி, கையில் கனம் வந்த பிறகுதான் வீச வேண்டும். சில வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு துண்டை லேசாக உழுது, கொள்ளோ நரிப்பயறோ கூட விதைத்து, புல்லைப் புதுப்பிப்போம். வெள்ளாமை வைப்பதில்லை என்றால் இதற்கு என்ன பெயர்?

ஒரு தடவை தூர் பிடித்துவிட்டால் அந்தப் புல்லுக்குச் சாவு லேசில் வராது. கோடையில் பிடுங்கிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் வெறும் குச்சி. முதல் மழை இறங்கி நான்கு நாளில் அதே குச்சியின் அடியிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பும். இங்கேதான் மனசைக் கட்டிப்போட வேண்டும். ஆட்டுக்குப் பசி, நமக்கும் பச்சையைப் பார்த்தால் கடவை, அதாவது வேலி வாசலை, திறந்துவிடத் தோன்றும். அந்த நேரத்தில் ஆட்டை உள்ளே விட்டால் குருத்தை அடியோடு கரம்பிவிடும், வேர் மறுபடி தேறாது. பத்து வருஷம் நிற்க வேண்டிய புல் இரண்டே வருஷத்தில் முடிந்துபோகும். அதனால் மழை பெய்ததும் மூன்று துண்டின் கடவையும் அடைத்துவிடுவோம். ஒரு துண்டில் மட்டும் ஆட்டை வைத்துச் சமாளிப்போம். மற்றவை வளர்ந்து, கதிர் தள்ளி, கொஞ்சம் விதையும் உதிர்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறப்பது. கொறங்காட்டுக்காரரின் நேர்மை கடவு அடைப்பதில் தெரியும் என்று மாமா சொல்வார். அவர் காலத்தில் மழைக்குப் பிந்தின வாரத்தில் யாருடைய கடவு திறந்திருக்கிறது என்று ஊரே கவனிக்குமாம்.

வெள்வேல மரத்தைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். பட்டை வெளுத்து, இலை பொடிப்பொடியாக, முள்ளோடு நிற்கும். நிழல் அடர்த்தியாக விழாது, அதனால் அடியிலும் புல் வரும். புளியமரமோ வேப்பமரமோ இந்த வேலைக்கு ஆகாது. சித்திரை, வைகாசியில் தரையில் ஒரு பச்சை இல்லாத நேரத்தில் இதன் காய் முற்றி உதிரும். விடியற்காலையில் பட்டியைத் திறந்தால் ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நேராக மரத்தடிக்குத்தான் ஓடும். இரவில் காற்று அடித்திருந்தால் அன்றைக்கு அவற்றுக்கு விருந்து. கொக்கியைப் போட்டு உலுக்கியும் விடுவோம். காய்க்குள் இருக்கும் விதை ஆட்டின் வயிற்றுக்குள் போய் ஊறி, புழுக்கையோடு விழுந்து, அடுத்த மழையில் முளைக்கும். வேண்டிய இடத்தில் முளைத்ததை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கினால் போதும். முன்பெல்லாம் சாராயம் காய்ச்சுகிறவர்கள் இதன் பட்டையைத் தேடி ராத்திரியில் வருவார்கள், அதற்காகவே காவல் இருந்த கதையை மாமா சொல்லியிருக்கிறார். முற்றின மரத்தை விறகுக்கும் சாமானுக்கும் விற்கலாம். எங்கள் நாத்தனாரின் கல்யாணச் செலவில் ஒரு பங்கு இந்த மரங்கள் கொடுத்ததுதான்.

இப்போது வேலி. கொறங்காட்டில் எனக்கு எது பெரிது என்று கேட்டால் புல்லையும் மரத்தையும் விட்டுவிட்டு வேலியைத்தான் சொல்வேன்.

கிளுவை கோடையில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும்போது போத்து, அதாவது நடுவதற்கான கிளை, வெட்டுவோம். கை பருமன், இடுப்பு உயரம். வெட்டின இடத்தில் ஒரு வாசனை வரும், சாம்பிராணிக்குப் பக்கத்தில் வரும் வாசனை. மேல் முனையில் சாணி அப்பி, நெருக்கமாகக் குழி போட்டு நட்டு, ஊடே முள்ளை வைத்து அடைப்போம். மழை வந்ததும் துளிர்த்துவிடும். மூன்று நான்கு வருஷத்தில் கிளைக்குக் கிளை பின்னி, ஆட்டுக்குட்டி தலையை விட்டாலும் மாட்டிக்கொள்கிற அளவுக்கு இறுகும். இரண்டு தலைமுறைக்கு முன்னால் நட்ட வேலி எங்கள் தென்புறத்தில் இன்னும் நிற்கிறது. அதற்குள் பிரண்டை, கோவைக்கொடி, முசுமுசுக்கை எல்லாம் ஏறிக் கிடக்கும், துவையலுக்கும் ரசத்துக்கும் நான் கடைக்குப் போவதில்லை. கௌதாரி முட்டையிடுவதும் கீரி குடியிருப்பதும் அங்கேதான். ஆடிக்காற்றின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வதும் அதுதான்.

ஆனால் இதெல்லாம் கூடுதல் வரும்படி. முக்கியமான விஷயம், இந்த வேலி இருப்பதால் எங்கள் ஆட்டுக்கு மேய்ப்பவர் தேவையில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கிடைக்காரர்களைப் பாருங்கள். மந்தையை ஓட்டிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகப் போய், வயலில் கிடை போட்டு, வெயிலிலும் மழையிலும் பாதையோரத்தில் படுத்து எழுந்திருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் வீட்டை விட்டு மாதக்கணக்கில் இருக்க வேண்டும். அது ஒரு பெரிய உழைப்பு, பெரிய அறிவும்கூட. எங்கள் முறையில் காலையில் கடவைத் திறந்து உள்ளே விட்டு, கல்தொட்டியில் தண்ணீர் நிறைத்துவிட்டால், சாயங்காலம் வரை ஆடு தானாக மேயும். வேலிதான் மேய்ப்பவர். என் வீட்டுக்காரர் வெள்ளகோவிலில் எண்ணெய் மில்லுக்கு வேலைக்குப் போகிறார். பிள்ளைகள் படிக்கிறார்கள். மாமாவுக்கு முழங்கால் முடியாது. 40 பெட்டை ஆட்டையும் மூன்று மாட்டையும் வைத்து நான் ஒருத்தி பார்க்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் என் திறமை மட்டுமில்லை. எங்கள் ஊரில் புருஷனை இழந்தவர்கள், பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட வயதானவர்கள், எத்தனையோ பேர் இருபது முப்பது ஆட்டை வைத்துக்கொண்டு யார் கையையும் எதிர்பார்க்காமல் சாப்பிடுகிறார்கள். பதினைந்து கிலோமீட்டர் நடந்து மேய்க்க அவர்களால் முடியுமா? கடவைத் திறந்து மூட முடியும்.

நாங்கள் வைத்திருப்பது மேச்சேரி ஆடு. செம்மறிதான், ஆனால் கம்பளி கிடையாது, மான் நிறத்தில் வழுவழுவென்று மயிர். இந்த வெயிலுக்கு ஏற்ற சாதி, தோலுக்கும் கறிக்கும் நல்ல பெயர். இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து. கிடாய்க் குட்டியை மூன்று நான்கு மாதத்தில் வியாபாரிக்கோ கன்னிவாடிச் சந்தைக்கோ கொடுத்துவிடுவோம். பக்ரீத்துக்கு என்று நான்கைந்தை நிறுத்தி வளர்ப்பதும் உண்டு, அது விலை கூட போகும். புழுக்கையைத் தென்னந்தோப்புக்காரர்கள் டிராக்டரோடு வந்து ஏற்றிக்கொள்கிறார்கள். தீவனத்துக்கு நான் வெளியே கொடுக்கும் பணம் குட்டி ஈன்ற ஆட்டுக்குக் கொஞ்சம் சோளமும் புண்ணாக்கும் வாங்குவது மட்டும்தான். கணக்கு நோட்டைப் புரட்டினால் வரவு சிறியதுதான், ஆனால் செலவுப் பக்கம் அதைவிடச் சிறியது. கோழிப் பண்ணை ஒப்பந்தத்தில் ஷெட் போட்டுக் கடன் கட்டுகிற என் சித்தி மகனின் நோட்டு வேறு மாதிரி இருக்கும்.

சிரமம் இல்லையென்று சொல்லவில்லை. மழைக்குப் பிறகு புதுப்புல்லை வயிறு முட்டத் தின்ற குட்டி துள்ளுமாரியில் போய்விடும். சாயங்காலம் நன்றாக ஓடியாடின குட்டி காலையில் கழுத்தைப் பின்னால் வளைத்துச் செத்துக் கிடக்கும். அதுவும் மந்தையிலேயே கொழுத்த குட்டியாகத்தான் இருக்கும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும், தள்ளிப்போட்டால் அந்த வருஷம் அழுகைதான். ஐப்பசியில் கொசு மாதிரிப் பூச்சி கிளம்பும்போது நீலநாக்கு வரும். வாய் வீங்கி, நாக்குத் தடித்து, மேய முடியாமல் நிற்கும். அப்போது சோளக் கூழைக் காய்ச்சி ஆற வைத்து ஒவ்வொன்றுக்கும் புகட்ட வேண்டும். கால் நொண்டுகிற ஆட்டைக் கையால் தூக்கி வெளியே விட்டு, உள்ளே விட்டு, இடுப்பே போய்விடும்.

வறட்சியைச் சொல்லாமல் கொறங்காட்டைப் பற்றி முடிக்க முடியாது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் ஒரு கட்டு வைக்கோலுக்கு ஆள் அனுப்பிச் சொல்லி வைத்து வாங்கினார்கள். போர் வைத்துத் தீவனச் சோளம் போட்டு மாடு வளர்த்தவர்கள் தண்ணீர் வற்றியதும் மாட்டை வந்த விலைக்கு ஓட்டிவிட்டார்கள். எங்கள் காட்டில் முந்தின வருஷத்து நின்ற புல் ஒரு துண்டில் அடைத்து வைத்தது அப்படியே இருந்தது. காய்ந்துதான் இருந்தது, ஆனால் இருந்தது. வைகாசி வரை அதையும் வேலங்காயையும் வைத்து ஓட்டினோம். மூன்றில் ஒரு பங்கு ஆட்டை விற்றோம், மீதியைக் காப்பாற்றினோம். மறுபடி மழை பெய்தபோது கையில் ஆடு இருந்தது, கடன் வாங்கி முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை வரவில்லை. மழை பெய்கிற வருஷத்தில் கொறங்காடு மற்ற நிலங்களைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும். பெய்யாத வருஷத்தில் கொடுக்கிறது. அந்த வருஷத்துக்கு ஏக்கர் விலை போட எந்தத் தரகருக்கும் தெரியவில்லை.

அதே ஜனவரியில்தான் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கில் கூடினார்கள். எங்கு பார்த்தாலும் காங்கேயம் காளை படம். திமிலும் கழுத்தும் கறுத்து, உடம்பு சாம்பல் பூத்து, கொம்பு வில்லாக வளைந்த அந்த மாட்டைப் பார்த்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சட்டம் வந்தது, காளைக்கு விலையும் வந்தது, சந்தோஷம். ஆனால் அந்த மாட்டை உண்டாக்கியது இந்தப் புல். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்ததும், சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேருக்கு ஓட்டி வந்து விற்றதும் கொறங்காட்டில் மேய்ந்த மாடுகள். சுண்ணாம்புச் சத்துள்ள மண், அதில் முளைத்த புல், நாள் முழுக்க நடந்து மேய்ந்ததால் வந்த எலும்பு. காளைக்காகக் கூடினவர்களில் கொஞ்சம் பேராவது புல்லுக்காகவும் பேச வேண்டும் என்று அப்போதே ஆசைப்பட்டேன், இப்போதும் ஆசைப்படுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு மயிலைப் பசு, அதாவது வெளுத்த சாம்பல் நிறப் பசு, இருக்கிறது. பிறந்த கன்று செவலையாகத்தான் பிறக்கும், ஆறு மாதத்துக்கு மேல் மெல்ல நிறம் மாறும். சின்னவள் தினமும் போய்க் காதுமடலைத் திருப்பிப் பார்ப்பாள், வெளுத்துவிட்டதா என்று.

சமீப வருஷங்களில் புதிதாக வந்திருக்கும் கொடுமை நாய். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் என்று எல்லாப் பக்கமும் இரவில் பட்டிக்குள் தெருநாய்கள் கூட்டமாகப் புகுந்து கடித்துக் குதறுகின்றன. தின்பதற்கு ஒன்றை மட்டும் கொன்றுவிட்டுப் போவதில்லை. மிரண்டு மூலையில் ஒடுங்குகிற ஆட்டையெல்லாம் கடித்துப் போட்டுவிடும். செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு எங்கள் ஜனங்கள் மறியல் செய்தது செய்தியில் வந்திருக்கும். அரசு இழப்பீடு அறிவித்தது, அதற்காகப் போராடினவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சினையாட்டுக்குச் சந்தையில் போகிற விலைக்கு அது எட்டாது. கோழிக் கழிவை ரோட்டோரத்தில் கொட்டுவதை நிறுத்தாமல் இது தீராது. படலுக்கு மேல் கம்பிவலை அடித்து, பட்டிக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுப்பது எங்கள் ஊரில் சாதாரணமாகிவிட்டது. வேலி இருந்தால் ஆள் தேவையில்லை என்று மேலே எழுதினேன். பகலுக்கு அது உண்மை, இரவுக்கு இப்போது உண்மையில்லை.

சரி, சோலார் விஷயத்துக்கு வருகிறேன்.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு மோட்டாருக்கும் கரண்ட் வேண்டும். நிலத்தை விற்றவர்கள் மேலும் எனக்குக் கோபமில்லை. பிள்ளைகள் வெளியூரில், ஆஸ்பத்திரிச் செலவு தலைக்கு மேலே, வேலி அடைக்க ஆள் கிடைப்பதில்லை, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஆளுக்கு இரண்டு ஏக்கர். அவர்கள் என்ன செய்வார்கள்? என் வருத்தம் வேறு. எங்களுக்குக் கிழக்கே இருந்த காட்டை ஒரு அக்கா வருஷக் குத்தகைக்குப் பிடித்து 25 ஆடு வைத்திருந்தார். சொந்த நிலம் ஒரு சென்ட் கிடையாது. சொந்தக்காரர் கோயமுத்தூரில். விற்பனை முடிந்தது அந்த அக்காவுக்குத் தெரிந்ததே, கிளுவை வேலியை ஜேசிபி பிடுங்க வந்த அன்றைக்குத்தான். அறுபது வருஷ வேலி மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விட்டது. வேல மரங்களைத் துண்டு போட்டு லாரியில் ஏற்றினார்கள். புல்லைத் தூரோடு சுரண்டித் தரையைச் சமன் செய்து, கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டார்கள். விற்றவருக்குப் பணம், தரகருக்குக் கமிஷன், வெட்டின மரத்துக்கும் ஒரு விலை. குத்தகைக்கு இருந்தவருக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் குத்தகை வாய்ப்பேச்சு, எந்தத் தாளிலும் இல்லை. ஆட்டை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு இப்போது நூல் மில் வேனில் ஏறிப் போகிறார். காலையில் அஞ்சரைக்கு அந்த வேன் எங்கள் கடவைத் தாண்டித்தான் போகும். "செவலக்காலு குட்டி போட்டுச்சா?" என்று ஜன்னலிலிருந்து கேட்பார். அவர் பட்டியிலிருந்து நான் வாங்கின ஆடு அது.

கொறங்காட்டில் நிலம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற பிரிவு பழையது. அந்தக் காலத்தில் பண்ணையம் செய்தவர்கள் யார், நிலம் யாரிடம் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இந்தக் குத்தகைதான் நிலமில்லாதவர்களுக்கு இதற்குள் இருந்த ஒரே வழி. அது அடைபடும்போது யாரும் எண்ணுவதுகூட இல்லை.

எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதுகிற கிராமக் கணக்கான அடங்கலை எடுத்துப் பாருங்கள். எங்கள் நிலம் புன்செய், பயிர்ப் பத்தி காலி. 2017-ல் பயிர் நிவாரணம் வந்தபோது பக்கத்துக் காட்டில் கருகின சோளத்துக்குக் கிடைத்தது, எங்கள் புல்லுக்குக் கிடைக்கவில்லை. புல்லைப் பயிர் என்று யாரும் எழுதாததால் அது கருகியதாகவும் யாரும் எழுதவில்லை. 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டாக ஐநா அறிவித்திருக்கிறது. ஊர் உலகமெல்லாம் கூட்டம் நடக்கும். எங்கள் கிராமக் கணக்கில் அந்த ஒரு பத்தியை நிரப்பினால் எனக்கு அந்த ஆண்டு வந்த மாதிரி.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் மனு கொண்டுபோகிறோம். வேனில் போகிற அக்காவும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறார். மனுவில் கேட்டிருப்பது இவ்வளவுதான்: அடங்கலில் கொழுக்கட்டைப் புல்லைத் தீவனப் பயிராக எழுத வேண்டும். வாய்வழிக் குத்தகைக்கு ஆடு வைத்திருப்பவர்களைக் கணக்கெடுத்து, நிலம் கைமாறினால் ஒரு மேய்ச்சல் பருவமாவது அவகாசம் கொடுக்க வைக்க வேண்டும். புதிதாகச் சோலார் போடுகிற இடத்தில் ஓரத்துக் கிளுவை வேலியைப் பிடுங்காமல் அதற்கு உள்ளே கம்பி வேலி போடட்டும். ஆஸ்திரேலியாவில் பேனலுக்குக் கீழேயே செம்மறி மேய்க்கிறார்கள், புல் வெட்டுகிற செலவு அவர்களுக்கு மிச்சம். இங்கேயும் உயரம் கொஞ்சம் கூட்டிப் போட்டால் மேச்சேரி ஆட்டுக்கு அது தாராளம். மனுவை வெள்ளைத்தாளில் நான்தான் எழுதியிருக்கிறேன், கையெழுத்து இன்னும் வாங்கவில்லை. மூலனூர், கன்னிவாடி, வெள்ளகோவில் பக்கம் கொறங்காடு வைத்திருப்பவர்களோ குத்தகைக்குப் பிடித்திருப்பவர்களோ இதைப் படித்தால், கன்னிவாடிச் சந்தையன்றைக்கு வாருங்கள். ஆட்டோடு வந்தாலும் சரி, சும்மா வந்தாலும் சரி, சந்தை கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் தாளோடு இருப்பேன்.